நான்காம் பத்தி

அட்டர்னி அவர்களே,

எங்கள் கல்லூரி உணவகத்தின் பாட்சோய் உங்களுக்குப் பிடித்துப்போனதில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. இலோய்லோவில் தெருவுக்குத் தெரு அந்த நூடுல்ஸ் சூப் கிடைக்கும்தான். ஆனாலும், மணிலாவிலிருந்து விசாரணைக்கு வந்த ஒரு வழக்கறிஞர் தன்னிடம் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார் என்பதை எங்கள் சமையற்காரி இன்னும் பல நாளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இப்படி நல்ல சேதியில் ஆரம்பிப்பது என் தொழில் புத்தி. என் பெயர் தியோடுலோ சுமகாய்சாய். இந்தக் கடல்சார் கல்லூரியில் தொழில்நுட்ப எழுத்தும் பேச்சும் என்ற பாடத்தை நடத்துகிறேன். மாணவர்கள் என்னை சார் டூலோ என்பார்கள். என் காதில் விழாது என்று நினைக்கும்போது சார் கமா என்பார்கள். கப்பலுக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்கு அறிக்கை, அறிவிப்பு, இயந்திரத்தை இயக்கும் முறை, கம்பெனிக்கு அனுப்பும் மின்னஞ்சல் இவற்றையெல்லாம் எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியது என் வேலை. அந்த நேரத்தில் அவர்கள் தூங்குவார்கள். வெள்ளைச் சீருடை கசங்காமல், முதுகு வளையாமல், கண்ணைத் திறந்தபடியே தூங்குவதற்கு அவர்களுக்கு யாரோ என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பாடத்தில் உண்மையான சரக்கு என்று பார்த்தால் கொஞ்சம்தான். மீதியெல்லாம் சம்பளத்துக்காக நான் இழுப்பது. முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுவேன்: உன் வாசகரைத் தெரிந்துகொள். அவர் எவ்வளவு படிப்பார், எங்கே நிறுத்துவார், எதைப் பார்த்தால் எரிச்சல்படுவார் என்று தெரியாமல் பேனாவைத் தொடாதே. பிறகு, கெட்ட சேதி சொல்லும் முறை. உதவித்தொகை இல்லை, விடுப்பு இல்லை, வேலை இல்லை என்பதையெல்லாம் எடுத்த எடுப்பில் மூஞ்சியில் அடித்த மாதிரி எழுதக் கூடாது. முன்னால் இரண்டு பத்தி நன்றி, நலம், பாராட்டு. அப்புறம்தான் விஷயம். பிள்ளைகள் இதற்கு மெத்தை போடுவது என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆபத்துக்கு மெத்தை கிடையாது. ஆளைக் கொல்லக்கூடியது முதல் வரியில் வர வேண்டும். இதை நான் மேசையைத் தட்டிச் சொல்வேன். தூங்குகிறவர்களில் சிலர் அப்போது விழித்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று உண்டு. எந்தக் காகிதத்துக்கும் இரண்டாம் வாசகர் ஒருவர் இருப்பார். நீ யாருக்காக எழுதினாயோ அவரைத் தவிர, நீ நினைத்தே பார்க்காத ஒருவர் கையிலும் அது போய்ச் சேரும். அவரை மறக்காதே. இந்தப் பகுதிக்கு வரும்போது பெரும்பாலும் மணி அடித்துவிடும். வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

எழுத்து வாத்தியார் என்பதால் கல்லூரியின் அறிவிப்புகள் எல்லாவற்றையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றச் சொல்லும் அறிவிப்புகூட என் கைவண்ணம்தான். அதில் துணைத்தலைப்புகள் உண்டு. அதைப் படித்து முடிப்பதற்குள் வந்த வேலை முடிந்துவிடுகிறது என்று முதன்முதலில் சொன்னவர் சீஃப்.

சீஃப் என்றால் நார்சிசோ டெமாயோ. உங்களுக்குத் தெரிந்தவர்தான். வாழ்நாளில் பாதியைக் கப்பல் இயந்திர அறைகளில் கழித்துத் தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்று, இங்கே செய்முறைப் பயிற்சி நடத்த வந்தவர். இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர். எனக்கும் பிடித்திருக்கும், அவர் என் அறிவிப்புகளில் எண்ணெய்க் கையைத் துடைக்காமல் இருந்திருந்தால். முதல் இரண்டு வரியைப் பார்ப்பார், தாளை நாலாக மடிப்பார், கையைத் துடைப்பார். எந்தத் தாளானாலும் இதே வரிசைதான். பதினைந்து வருஷம் பார்த்திருக்கிறேன். ஒரு முறைகூட மூன்றாம் வரிக்குப் போனதில்லை.

ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், நகல் எடுக்கும் இயந்திரம் பற்றி நான் எழுதிய அறிவிப்பைப் பாதிரியார் குரலில் பூசை மாதிரி ஓதிக் காட்டினார். ஒவ்வொரு பத்தி முடிவிலும் எல்லோரும் ஆமென் போட்டார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான். புகைப்படத்தில் பாருங்கள், என் கடைவாய்ப் பல்வரை தெரியும். வீட்டுக்கு வந்து அந்த அறிவிப்பை எடுத்துப் பார்த்தேன். நல்ல அறிவிப்பு அது, அட்டர்னி. இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

அது போகட்டும். போன வருஷம் பாடத்திட்டக் கூட்டத்தில், என் பாடத்தின் நேரத்தைப் பாதியாக வெட்டிப் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும் என்றார் சீஃப். ஏன் என்று முதல்வர் மேடம் கேட்டார்.

"கப்பல் முழுகுறப்ப எவன் மேடம் கமா போட்டுக்கிட்டு இருப்பான்?"

மேடம் சிரித்துவிட்டார். நேரம் பாதியானது. இதற்காகத்தான் செய்தேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். நேரம் குறைந்ததில் எனக்கு மத்தியானம் தூங்க வசதிதான். என் கவலை பிள்ளைகளைப் பற்றியது. பதினெட்டு வயதுப் பையனும் பெண்ணும் தாங்கள் கும்பிடுகிற ஆள் காகிதத்தில் கை துடைப்பதைத் தினமும் பார்க்கிறார்கள். நாளைக்குக் கப்பலில் அவர்களும் அதையே செய்வார்கள். ஒருநாள் யாராவது சாவார்கள். படிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு ஒரு பாடம் புகட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பொறுப்புள்ள எந்த ஆசிரியருக்கும் தோன்றும்.

கல்லூரிக்குப் பின்னால் ஆற்றில் கட்டிவைத்திருக்கும் பழைய சரக்குப் படகை நீங்கள் பார்த்தீர்கள். அதன் தளத்துக்கு அடியில் இருக்கும் இரும்புத் தொட்டியில்தான் பயிற்சி. தொட்டிக்குள் எப்போதும் காற்று ஓட ஒரு மின்விசிறி உண்டு. இந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் அதைப் பழுதுபார்க்கக் கழற்றினார்கள். வண்ணம் பூசப்போகிறோம் என்று காற்றுக்குழாய்களையும் அடைத்தார்கள். சீஃப் அப்போது ஊரில் இல்லை. துபாயில் மகள் வீட்டில் பேரனைக் கொஞ்சிக்கொண்டிருந்தார். வண்ணம் பூசுகிறவர்கள் வரவேயில்லை. தொட்டி அப்படியே அடைபட்டுக் கிடந்தது.

அடைத்துவைத்த ஈர இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கிற பிராணவாயுவைத் தின்றுவிடும். வாடை இருக்காது, புகை இருக்காது. இறங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. கால் மடங்கும், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியும். தொட்டிக்குள் இறங்கும் முறையைப் படிப்படியாக எழுதும் பயிற்சியைத்தான் வருஷா வருஷம் கொடுக்கிறேன். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க நான் முயலவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி நிறுவன நாள் நெருங்கியது. அந்த வாரத்தில் முதலாண்டுப் பிள்ளைகளைச் சீஃப் படகுக்கு அழைத்துப் போவது வழக்கம். அவரே முதலில் தொட்டிக்குள் இறங்கி, அடியில் நின்று ஒரு சத்தம் கொடுப்பார். படகே அதிரும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். காற்றைச் சோதிக்கும் கருவி அவருடைய மேசையில் காகிதம் பறக்காமலிருக்க உதவிக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாகத் தொட்டிகளை மூக்காலேயே சோதித்தவர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சரி, இல்லாத காற்றை எந்த மூக்கு கண்டுபிடிக்கும்.

பராமரிப்புப் பொறுப்பாளர் என் அறைக்கு வந்து, தொட்டி அடைபட்டிருக்கிறது, காற்றைச் சோதிக்காமல் யாரும் இறங்கக் கூடாது, அறிவிப்பில் போட்டுவிடுங்கள் சார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வேலை முடிந்தது. என் வேலை தொடங்கியது.

அந்த அறிவிப்பு உங்கள் கோப்பில் இருக்கிறது. தலைப்பு, நிறுவன நாள் ஏற்பாடுகள். முதல் பத்தியில் எல்லோருடைய ஒத்துழைப்புக்கும் நன்றி. இரண்டாவதில் குலுக்கல் பரிசுகள்: அரிசி மூட்டை, மேசை விசிறி, சமையல் அடுப்பு. மூன்றாவதில் வண்டி நிறுத்தும் இடம். நான்காவதில், பயிற்சிப் படகின் தொட்டி மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அடைபட்டிருப்பதால், திறந்து காற்றைச் சோதிக்கும்வரை யாரும் இறங்கக் கூடாது என்ற விவரம். ஐந்தாவதில் வாழ்த்து. நான்காம் பத்தியில் ஒரு சொல் கூடுதலில்லை, ஒரு சொல் குறைவில்லை. அவ்வளவு தெளிவாக நான் அதுவரை எதையும் எழுதியதில்லை. பலகையில் ஒட்டினோம். ஒரு பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தொட்டி வாயிலேயே கம்பியால் கட்டினார் பராமரிப்புப் பொறுப்பாளர். இரண்டு வரி படிக்கிற ஒரு வாசகருக்காக ஐந்து பத்தி எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் மாரிடெல் வந்தாள்.

மாரிடெல் மூன்றாம் ஆண்டு மாணவி. எதிர்க்கரைத் தீவில் வீடு. அம்மா படகுத்துறையில் மாம்பழம் விற்கிறார். ஷாம்பூ பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிற பெண். என் வகுப்பில் தூங்காத ஒரே ஆள். முதலாண்டுப் பிள்ளைகளைப் படகில் வரிசைப்படுத்தும் பொறுப்பை அவளுக்குக் கொடுத்திருந்தார் சீஃப். கதவருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம். நாலாவது பத்தி மேல வந்திருக்க வேணாமா?"

ஏன் என்று கேட்டேன்.

"ஆளைக் கொல்றது முதல் வரில வரணும்னு நீங்கதானே சார் மேசையத் தட்டித் தட்டிச் சொன்னீங்க. இதுக்குப் போய் மெத்தை போட்டிருக்கீங்களே."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பொய் சொல்லவில்லை. கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி இத்தனை வருஷம் பேசியதற்கு ஒருத்தியாவது பதில் குரல் கொடுக்கிறாளே என்று நெஞ்சு நிறைந்தது. உட்காரச் சொன்னேன். உலர்ந்த மாம்பழம் கொடுத்தேன். மாம்பழம் விற்கிறவர் மகளுக்கு மாம்பழம் கொடுக்கிற அளவுக்குத்தான் எனக்கு வாசகரைத் தெரியும் போலிருக்கிறது. அவளும் மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். அலுவலக அறிவிப்புக்கு என்று ஒரு நடை இருக்கிறது, வகுப்பு வேறு, நிர்வாகம் வேறு என்று பெரியமனுஷத் தோரணையில் ஏதோ சொல்லிவைத்தேன். அவள் தலையாட்டினாள். எழுந்து போகும்போது இன்னொரு கேள்வி கேட்டாள். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் ஓர் இடம் இருக்கிறது.

படகில் பயிற்சி நடந்த அன்றைக்குக் காலை நானும் அங்கே இருந்தேன். கல்லூரி இதழுக்குக் கட்டுரை எழுதப்போகிறேன் என்று சீஃப்பிடம் அனுமதி வாங்கியிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரே குஷி.

"வாய்யா கமா சார்! இன்னிக்காவது காகிதத்த விட்டுட்டுக் கண்ணால பாரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வழக்கம்போலக் கடைவாய்வரை. பின்வரிசையில் நின்ற மாரிடெலைப் பார்த்து, "இன்டாய், சின்னவங்கள முன்னாடி விடு, அவங்களுக்குத் தெரியட்டும்" என்றார். இந்தப் பக்கம் பெண்பிள்ளைகளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவோம். தொட்டி வாயில் தொங்கிய அறிவிப்பை முழங்கையால் ஒதுக்கினார். இரண்டு வரிகூட இந்த முறை படிக்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அவர் மூடியைத் திருகித் திறந்தபோது மாரிடெல் என்னைப் பார்த்தாள். கேள்வியாகப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

அவர் ஏணியில் இறங்கினார். சத்தம் வரும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். எதுவோ பொத்தென்று விழுந்த ஓசை மட்டும் வந்தது. அதுவும் வேடிக்கைதான் என்று நினைத்து ஒரு பையன் கைதட்டினான்.

மாரிடெல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். ஏணி பாதியில் ஓர் இடைத்தட்டு உண்டு. சீஃப் அதன்மேல் கிடந்தார். மூச்சுக் கவசம் கரையில், பூட்டிய அறையில் இருந்தது. ஒருவனை அதற்கு ஓடச் சொன்னாள். மீட்புக் கயிற்றை எடுத்தாள். அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியும்னு சொன்னீங்களே, சார்."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் எங்கே பிசகியது என்று கேட்கிற மாதிரி சொன்னாள். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். இறங்கக் கூடாது என்று என் வகுப்பில் படித்தவள். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்குகிறவர்தான் அதிகம் சாகிறார் என்று அவளே ஒரு பயிற்சித்தாளில் அழகாக எழுதியிருந்தாள். நான் முழு மதிப்பெண் போட்டிருந்தேன்.

கயிற்றைச் சீஃப்பின் கக்கத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிள்ளைகள் இழுத்தார்கள். கனமான உடம்பு. ஏணி வழியை அவரே அடைத்துக்கொண்டு மேலே வந்தார். அவர் வெளியே வருவதற்குள் இவள் பிடித்த மூச்சு தீர்ந்துவிட்டது. இடைத்தட்டிலிருந்து அடியில் விழுந்தாள். கவசம் வந்து சேர்ந்தபோது ஒன்றும் செய்வதற்கில்லை.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்திருந்தேன். நன்றாகத்தான் இழுத்தேன். யாரை இழுக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தபோதுகூட விடவில்லை. இதை என் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் அம்மா வந்தார். அழுகிறவர் பக்கத்தில் நிற்க எனக்கு எப்போதுமே தெரியாது. கல்லூரி சார்பில் இரங்கல் செய்தியையும் நான்தான் எழுதினேன். எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. அதில் இரண்டு பத்தி மெத்தை இருந்தது. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதைக் கையில் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். இந்த அறிவிப்பை எழுதியது நீங்களா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். மிகத் தெளிவாக இருக்கிறது என்றீர்கள். நன்றி என்றேன். அறையை விட்டு வெளியே வந்தபோதுதான் என் முகத்தில் சிரிப்பு இருந்தது எனக்கே தெரிந்தது.

சீஃப் பிழைத்துக்கொண்டார். கை நடுங்குகிறது, பேச்சு சற்று இழுக்கிறது. ஆனால் அட்டர்னி, அவர் இப்போது படிக்கிறார். அறிவிப்புப் பலகைமுன் வந்து நின்று, ஒவ்வொரு வரியின் அடியிலும் விரலை வைத்து, வாயசைத்துப் படிக்கிறார். கழிப்பறை அறிவிப்பைத் துணைத்தலைப்புகளோடு படித்தார். உள்ளே போகக் காத்திருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள், யாரும் சிரிக்கவில்லை. பதினைந்து வருஷம் நான் ஏங்கிய வாசகர் எனக்குக் கிடைத்துவிட்டார். அவர் படிக்கும்போது நான் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

போன வாரம் என் அறைக்கே வந்தார். உங்களுக்குக் கொடுக்கவிருக்கும் வாக்குமூலத்தைக் கையால் எழுதி எடுத்து வந்திருந்தார். குழந்தை எழுதிய மாதிரி பெரிய பெரிய எழுத்து. முதல் வரியே, மாரிடெலைக் கொன்றது நான், என்று இருந்தது. எச்சரிக்கை கண்முன்னால் தொங்கியது, நான் படிக்கவில்லை, என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று அடுத்தடுத்து. மெத்தையே இல்லை.

"சார்" என்றார். பதினைந்து வருஷத்தில் கமா ஒட்டாத சார் அதுதான் முதல் முறை. "சார், சரியா இருக்கா பாருங்க. கொல்றது முதல் வரில வரணுமாமே. அந்தப் புள்ள பசங்ககிட்டச் சொல்லுமாம்."

சரியாக இருக்கிறது என்றேன்.

"கமா எங்கயாவது விட்டுப்போயிருந்தாப் போட்டுக் குடுங்க. இத ஒழுங்காக் குடுக்கணும்."

ஓர் இடத்தில் விட்டுப்போயிருந்தது. போட்டுக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் உரிமம் போகும், சிறைக்கும் போகக்கூடும் என்று நீங்களே சொன்னீர்களாம். இந்த வயதில், நடுங்குகிற கையோடு போவார். அந்த ஒரு கமாவுக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மனசாட்சி என்று ஒன்று எனக்கும் இருக்கிறது.

இப்போது, மாரிடெலின் அந்த இரண்டாவது கேள்வி. கதவருகே நின்று கேட்டாள்.

"சீஃப் இதையெல்லாம் படிக்க மாட்டாரே சார். அவருக்குத் தெரியுமா? நான் வேணா போய்ச் சொல்லட்டுமா?"

அவருக்குத் தெரியும் என்றேன். நானே நேரில் சொல்லிவிட்டேன் என்றேன். தொட்டியைத் திறந்து காற்றைச் சோதித்தாயிற்று, நீ போய்ச் சொன்னால் அவருக்குத் தொழில் கற்றுக்கொடுப்பதாக நினைத்து வருத்தப்படுவார் என்றேன். அவள் நிம்மதியாகச் சிரித்தாள். மாம்பழத்துக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

பாடம் புகட்ட நினைத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். பாடம் கற்க வேண்டுமானால் ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்றும் எழுதியிருக்கிறேன். அந்த ஆமென்களுக்காகச் செய்தேன். சீஃப் சாக வேண்டும் என்றுதான் அந்த விஷயத்தை நான்காம் பத்தியில் வைத்தேன். அவர் எங்கே நிறுத்துவார் என்று தெரிந்து, அதற்கு அப்பால் வைத்தேன். தடுக்க வந்த ஒருத்தியைப் பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். முதல் வாசகரைப் பற்றி அத்தனை யோசித்த எனக்கு இரண்டாம் வாசகர் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பகுதியை நான் என்றைக்குமே ஒழுங்காக நடத்தியதில்லை. இருவர் விஷயத்திலும் குற்றவாளி நான்தான். சீஃப் நிரபராதி. இதைவிடத் தெளிவாக எழுத எனக்கு வராது.

கல்லூரி உங்களுக்கு அனுப்பும் கோப்பைத் தொகுக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. சுருக்கம், முடிவுரை, கையெழுத்துப் பக்கம் மூன்றும் முன்னால் இருக்கின்றன. சீஃப்பின் வாக்குமூலம் முதல் இணைப்பு. இந்தக் கடிதம் ஒன்பதாவது. இதற்கு முன்னால் குலுக்கலில் பரிசு பெற்றவர்களின் பட்டியல், பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தின் வரைபடம். விசாரணையின்போது உங்களைக் கவனித்தேன் அட்டர்னி, தவறாக நினைக்க வேண்டாம். எந்தக் கோப்பிலும் முதல் பக்கத்தைப் பார்த்தீர்கள், கையெழுத்துப் பக்கத்தைப் பார்த்தீர்கள், மணியைப் பார்த்தீர்கள். அது உங்கள் விருப்பம். நான் தெரிவிக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. என் பாரம் இறங்கிவிட்டது.

விதிப்படி முழுக் கோப்பின் நகல் ஒன்று சீஃப்புக்கும் போக வேண்டும். நாளைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். இதை எழுதும்போது என் அறைக்கு எதிரே பலகை முன்னால்தான் நிற்கிறார். ஒரு தாளின் கடைசி வரியில் விரல் இருக்கிறது. இப்போது அடுத்த தாளுக்குப் போகிறார். இந்த வேகமெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான், அட்டர்னி. ஒன்பதாம் இணைப்புவரை வர மாட்டார். என் வாசகரை எனக்குத் தெரியும்.